சின்ன ‘ரி’யும் பாகூர் ஆடுகளும்

புதுச்சேரியை ஒட்டிய வில்லியனூரில் இறங்கிய காலையில் முதலில் என் காதில் விழுந்தது நானே எழுதிய வாக்கியம். மார்க்கெட் பக்கம் ஓர் ஆட்டோ, அதன் தலையில் ஒலிபெருக்கி, முதுகில் பச்சை இலைப் படம். “கரியில்லா நகரம், கவலையில்லா நாளை” என்று ஒரு பெண்குரல் இழுத்து இழுத்துச் சொல்லிக்கொண்டே போனது. ஞாயிற்றுக்கிழமை வேறு. இறைச்சிக்கடை வாசலில் தூக்குச்சட்டியும் பையுமாக நின்றிருந்தவர்கள் அத்தனை பேரும் திரும்பிப் பார்த்தார்கள்.

“இன்னாபா இது, காலங்காத்தால கறி இல்ல கறி இல்லன்னு கத்திக்கினு போறான்?” என்றார் வரிசையில் நின்ற ஒருவர்.

“கறிக்கடைய எல்லாம் மூடப் போறாங்களாம். கவுர்மெண்ட்டு ஆர்டராம்” என்றார் பின்னால் நின்ற அம்மாள். சொல்லிவிட்டு, “கால் கிலோ சேத்தே போடு தம்பி” என்று கடைக்காரரிடம் முந்திக்கொண்டார்.

நான் பையைத் தரையில் வைத்தேன். இந்தக் கூத்தைச் சரிசெய்யத்தான் என்னை நாகர்கோவிலிலிருந்து வரவழைத்திருந்தார்கள்.

விஷயம் இதுதான். புதுச்சேரி நகரம் விடுகிற புகையையும், மரமும் மண்ணும் குடிக்கிற புகையையும் சில ஆண்டுகளுக்குள் சமமாக்கிவிட வேண்டும் என்று ஒரு திட்டம். கூட்டிக் கழித்தால் பூஜ்யம் வர வேண்டும். ஆங்கிலத்தில் நெட் ஜீரோ என்கிறார்கள். தமிழில் ‘நிகரச் சுழிய உமிழ்வு’ என்று ஒரு மலைப்பாம்புச் சொல் உண்டு. அதைக் கேட்டு யாரும் நடையை நிறுத்த மாட்டார்கள் என்பதால், சுருக்கமாக ஒரு வாசகம் எழுதித் தரும்படி மொழிபெயர்ப்பாளரான என்னிடம் கேட்டார்கள். நான் வீட்டில் இருந்தபடியே எழுதி அனுப்பினேன். அடுப்புக்கரி, நிலக்கரி என்பதில் வருகிற கரி. மோனை எல்லாம் அமைந்திருக்கிறது என்று எனக்குக் கொஞ்சம் கர்வமும் இருந்தது.

எங்கள் ஊரில் சின்ன ‘ர’வும் பெரிய ‘ற’வும் வேறு வேறு. நாக்கு தானாகவே பிரித்துவிடும். அதுவும் போக, எங்களுக்குக் கறி என்றால் சோற்றுக்கு ஊற்றுகிற கறி. மீன்கறி, புளிக்கறி. ஆட்டை வெட்டினால் அது இறைச்சி. இந்த வாசகத்தை ஒருவர் இப்படிக் கேட்க முடியும் என்று எனக்குக் கனவிலும் தோன்றவில்லை. வில்லியனூரில் இரண்டு ‘ரி’யும் ஒன்று, அந்த ஒன்று ஆட்டிறைச்சி.

கிளம்பும்போது பக்கத்து வீட்டு சார், “வெளிநாட்டுக்குப் போறீங்க, வெறுங்கையோட வந்துராதீங்க” என்று கண்ணைச் சிமிட்டினார். தமிழ்நாட்டில் எந்த ஊர்க்காரருக்கும் பாண்டிச்சேரி என்றால் போத்தல்தான். இங்கே பிரெஞ்சுக்காரர்கள் விட்டுப்போன சொல்லோடு கொம்யூன் பஞ்சாயத்து என்று எழுதிய பலகையைப் பார்த்தபோது எனக்கே கடவுச்சீட்டை மறந்துவிட்ட மாதிரி ஒரு பதற்றம் வந்தது உண்மை.

ஓட்டலில் முரளி காத்திருந்தார். திட்டத்தின் பொறுப்பாளர், சென்னைக்காரர், நல்ல மனிதர். ஆனால் எப்போதும் இரண்டு போன்களுக்கு நடுவில் வாழ்கிறவர். சர்வர் வந்து, “இட்லிக்கு வடகறி வெக்கட்டுமா?” என்றார். எங்கள் பக்கம் அந்தப் பண்டமே கிடையாது. உடைத்த பருப்பு வடையைக் குழம்பில் ஊறப்போட்டு, சோம்பு மணக்க, இட்லியோடு அது போகிற வேகம் சொல்லி முடியாது. இதில் இறைச்சி துளிக்கூட இல்லையே, இதுவும் கறிதானா என்று கேட்டுச் சிரித்தேன். முரளி சிரிக்கவில்லை.

“புதன்கிழமை பாகூர்ல கூட்டம். நீங்கதான் மைக்ல விளக்கணும். அதுக்குள்ள உங்க குரல்லயே சரியான உச்சரிப்போட ஒண்ணு பதிவு பண்ணிக் குடுங்க, ஆட்டோல போடலாம்” என்றார்.

பதிவு செய்தோம். “கரி வேறு, கறி வேறு. இத்திட்டம் கரியைப் பற்றியதே” என்று கன்னியாகுமரி மாவட்டத்து நாக்கு முழுவதையும் உபயோகித்துச் சொன்னேன். ஆட்டோ ஓட்டுநர் சேகர் தெருவில் நிறுத்தி மூன்று முறை போட்டுப் பார்த்தார்.

“ரெண்டும் ஒண்ணாத்தான்கா கேக்குது” என்றார். “கறி வேற கறி வேறன்னா, ஆட்டுக்கறி வேற, கோழிக்கறி வேறன்னு நெனைச்சுக்குவாங்க.”

“அப்ப புகையில்லா நகரம்னு மாத்திரலாமா?”

“பீடி குடிக்கிறவன் எல்லாம் அடிக்க வருவான்கா.”

ஒலிபெருக்கியை அணைத்துவைப்பது என்று முடிவானது. பிற்பகல் அறையில் மின்சாரம் இல்லை. எனக்கு ஒரு இடத்தில் இருப்பு கொள்ளாது. காலில் சக்கரத்தைக் கட்டிப் பெற்றுவிட்டேன் என்று அம்மா சொல்வாள். கோயில் வரை போனேன், நடை சாத்தியிருந்தது. லூர்து மாதா கோயில் குளத்தடிக்குப் போனேன். மெழுகுவத்தி ஏற்றிக்கொண்டிருந்த ஒரு பெண், “குந்துமா, இன்னாத்துக்கு நின்னுக்கினே இருக்க?” என்றார். குந்து என்றால் உட்கார் என்று இந்தப் பக்கத்துச் சொல். குந்தினேன். எண்ணிப் பத்து மூச்சு விடுவதற்குள் எழுந்துவிட்டேன்.

மறுநாள் சேகரின் ஆட்டோவில் பாகூருக்குக் கிளம்பினோம். அது பேட்டரி ஆட்டோ. திட்டத்துக்காகவே வாங்கியது. சத்தம் இல்லை, புகை இல்லை, பாகூர் போய்ச் சேருவதற்குள் சார்ஜும் இல்லை. கரும்புக்கும் நெல்லுக்கும் நடுவில் ஓசைப்படாமல் நின்றுவிட்டது. எங்கள் ஊரில் எந்தப் பக்கம் திரும்பினாலும் ஒரு மலை தெரியும், எங்கே நிற்கிறோம் என்று புத்திக்குப் படும். இங்கே எல்லாப் பக்கமும் தட்டை. திசை தெரியாமல் வெயிலில் அங்கும் இங்கும் நடந்தேன்.

கடைசியில் கரும்பு ஏற்றிய டிராக்டர் ஒன்று வந்தது. “இன்னாடா சேகரு, கரண்டு பூடுச்சா?” என்று சிரித்தபடி ஓட்டுநர் கயிற்றை எடுத்துப் போட்டார். டிராக்டர் எங்கள் முகத்தில் கன்னங்கரேல் என்று புகையைக் கக்கிக்கொண்டே முன்னால் போக, கரியில்லா நகரத்தின் ஆட்டோ அதன் பின்னால் கன்றுக்குட்டி போலப் போனது. இலைப் படத்தின் மேல் படிந்த கரியை நான் கைக்குட்டையால் துடைத்தேன். அந்தக் கரியைப் படம் பிடித்துக் காட்டியிருந்தால் ஊருக்கு விளக்கமே தேவைப்பட்டிருக்காது.

பாகூர் ஏரிக்குக் கொஞ்சம் தள்ளி, முதல் வீட்டு வாசலில் எங்களை அவிழ்த்துவிட்டார்கள். வீட்டுக்காரப் பெண்ணுக்கு என் வயது இருக்கும். கையில் ஆட்டுக்குத் தழை. வண்டியைப் பார்த்ததும் முகம் மாறியது.

“கறி தின்னாதன்னு கத்திக்கினு போன வண்டிதான இது? இதுக்கு நான் கரண்டு குடுக்கணுமா?”

“யக்கா, ரெண்டு மணி நேரம்தான்கா” என்று சேகர் கெஞ்சினார்.

“சொருகித் தொலை. ஆனா அந்த ஸ்பீக்கர தொட்ட, ஒயர அறுத்துருவேன்.”

அவர் பெயர் பிலோமினா. வீட்டுக்காரர் கம்பெனியில் வாட்ச்மேன். மகள் நகரத்தில் நர்சிங் படிக்கிறாள். படிக்க வைப்பது ஆடுகள்தான். காலையில் ஏரிக்கு மேற்கே இருக்கிற மேய்க்காலுக்கு, அதாவது ஊருக்குப் பொதுவான மேய்ச்சல் நிலத்துக்கு, ஓட்டிப் போவார். சாயங்காலம் திருப்பிக்கொண்டு வருவார். பண்டிகை பார்த்து ஒன்றிரண்டை விற்பார். “வூடு அவரு பேர்ல. நெலம் மாமனாரு பேர்ல. எம்பேருக்குன்னு இருக்கிறது இதுங்கதான்” என்றார்.

அந்த ஆடுகள் எல்லாவற்றையும் புதன்கிழமை விற்கப்போவதாகவும் சொன்னார். வியாபாரி ஒருவன் ஊர் ஊராகப் போய், கறிக்கு நகரத்தில் தடை வருகிறது, அப்புறம் ஆட்டைச் சும்மா கொடுத்தாலும் ஆள் எடுக்காது, இப்போதே தள்ளிவிடுங்கள் என்று சொல்லிக்கொண்டிருக்கிறான். பாதி விலை. ஏற்கெனவே நான்கு வீட்டில் ஏற்றிக்கொண்டு போய்விட்டானாம்.

நான் மோனைக்கு ஆசைப்பட்டு எழுதியது இங்கே ஒருத்தியின் தொழுவத்தைக் காலி செய்கிறது.

“விக்காதீங்க! அது கறி இல்லை, கரியாக்கும்! அடுப்புக்கரி! புகை, கரி, அந்தக் கரி! இறைச்சிக்கு ஒரு தடையும் கிடையாது. அதை எழுதினதே நான்தான்” என்றேன்.

பிலோமினா என்னை மேலும் கீழும் பார்த்தார். “இன்னொரு வாட்டி சொல்லு.”

“கரி. கறி.”

“இன்னொரு வாட்டி.”

சொன்னேன். ஐந்தாறு முறை சொல்லவைத்தார். என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தவர் திடீரென்று சிரித்துவிட்டார். “அட ஆமா! ஒண்ணுல நாக்கு பெரளுது, ஒண்ணுல முட்டுது. நீ சொன்னாத்தான் வேறயா கேக்குது. இத்த ஒழுங்கா சொல்ல ஒரு நாதியில்லாம பாதி ஊரு ஆட்ட வித்துட்ச்சே!”

நான் கொடுத்த துண்டறிக்கையை வெள்ளச்சி என்கிற வெள்ளாடு வாங்கி, இலைப் படத்திலிருந்து ஆரம்பித்துத் தின்று முடித்தது. பிலோமினா வடித்த கஞ்சியில் உப்புப் போட்டு, சுட்ட கருவாட்டோடு கொடுத்தார். எங்கள் ஊரிலும் கருவாடு உண்டு. ஆனால் சந்தோஷத்தோடு தின்றதாலோ என்னவோ இது ஒரு படி மேலே இருந்தது. வியாபாரி வந்தால் விரட்டிவிடுவதாகச் சொன்னார். நான் உலகத்தையே திருத்திவிட்ட மிதப்பில் இருந்தேன்.

சார்ஜ் ஏறும் வரை பொறுக்க முடியவில்லை. கிருமாம்பாக்கத்தில் காத்திருப்பதாக முரளி போனில் சொன்னதால், வந்த முதல் பஸ்ஸில் தாவி ஏறினேன். அது எதிர்ப்பக்கம் கடலூருக்குப் போகிற பஸ். எனக்குத் தெரியவில்லை. முன் சீட்டில் இரண்டு பெண்கள், களை எடுத்துவிட்டு வருகிறவர்கள், பேசிக்கொண்டு வந்தார்கள்.

“கறிய நிறுத்திட்டா இன்னாடி பண்றது?”

“இன்னா பண்றது? கடலூர் பக்கம் போயி தின்னுட்டு வரவேண்டியதுதான். அந்தாண்ட இருக்கிறவன் சாராயத்துக்கு இங்க வர்றான், நாம கறிக்கு அங்க போவோம். கணக்கு சரியாப் பூடும்.”

நெட் ஜீரோவுக்கு இதைவிட நல்ல விளக்கத்தை நான் எந்த அறிக்கையிலும் பார்த்ததில்லை. ரோட்டோரம் வரிசையாக வந்த சாராயக் கடைகள் சட்டென்று நின்றுபோயின. “தமிழ்நாடு வந்துட்ச்சுமா, நீ எங்க போவணும்?” என்றார் கண்டக்டர். இறங்கி, மறுபடியும் நாடு மாறி, கிருமாம்பாக்கம் சேர்ந்தபோது பொழுது சாய்ந்திருந்தது.

டீக்கடை பெஞ்சில் முரளி மடிக்கணினியை விரித்து வைத்திருந்தார். நான் பிலோமினா கதையைச் சொல்லச் சொல்ல அவருக்கு மகிழ்ச்சி. “பாத்தீங்களா, இதுக்குத்தான் உங்களைக் கூப்பிட்டேன்” என்றார். புதன்கிழமை காட்டப்போகிற வரைபடத்தைத் திருப்பிக் காட்டினார். நகரத்துப் புகையைக் குடிக்கப்போகிற மரங்களை எங்கெங்கே நடுவது என்று பச்சைப் பச்சையாகக் கட்டங்கள். ஏரி தெரிந்தது. ஏரிக்கு மேற்கே, ஒரு மோட்டார் கொட்டகைக்கும் பனை வரிசைக்கும் நடுவில், பெரிய பச்சைக் கட்டம்.

காலையில்தான் பிலோமினா தன் வாசலிலிருந்து கைநீட்டி அந்தப் பனை வரிசையைக் காட்டியிருந்தார்.

“இது மேய்க்கால் இல்லியா? இங்கதானே ஆடு மேயுது?”

“வேக்கண்ட் லேண்டுங்க அது. சாட்டிலைட் படத்துல ஒண்ணுமே இல்ல.”

“ஆடு?”

“சாட்டிலைட்ல ஆடு தெரியாதுங்க.”

“வேலி போடுவீங்களா?”

“போடாம? மரம் தலையெடுக்கிற வரைக்கும் ஆடு உள்ள வந்தா ஒரு செடி தேறாது” என்றவர், என் முகத்தைப் பார்த்துக் குரலைத் தணித்தார். “இது டிராஃப்ட்தான். கூட்டத்துக்கு முன்னாடி வெளிய சொல்லிடாதீங்க. புரளி மேல புரளி வேணாம்.”

டீ கையிலேயே ஆறிப்போனது. வியாபாரி பொய் சொல்லி ஆட்டை வாங்கப் பார்த்தான். நான் உண்மையைச் சொல்லி அவனை விரட்டவைத்தேன். என் உண்மையில் பாதிதான் இருந்தது என்று எனக்கு இப்போதுதான் தெரிந்தது. வேலி வந்தால் பிலோமினாவுக்கு அந்தப் பாதி விலையும் கிடைக்காது.

செவ்வாய்க்கிழமையை எப்படிக் கழித்தேன் என்று எனக்கே தெரியவில்லை. முரளி சொல்லக் கூடாது என்றார். எனக்கு வாய் அரித்தது. காலையில் பஸ் பிடித்து, இந்த முறை திசை கேட்டுக்கொண்டு, பிலோமினா வீட்டுக்குப் போனேன். பூட்டியிருந்தது. மகளைப் பார்க்க நகரத்துக்குப் போயிருப்பதாகப் பக்கத்து வீட்டில் சொன்னார்கள். போன் மகளிடம்தான் இருக்கிறதாம், நம்பர் அவர்களுக்குத் தெரியாது. மேய்க்காலுக்கு நடந்தேன். அங்கே நான்கு பேர், தலையில் சிவப்புச் சாயம் பூசிய இரும்பு முளைகளை வரிசையாக அடித்துக்கொண்டிருந்தார்கள்.

“டிராஃப்ட்தானே?” என்று முரளிக்குப் போன் செய்தேன்.

“அளவுக்கு அடிக்கிறாங்க, அவ்ளோதாங்க” என்றார்.

மறுபடியும் பூட்டிய வீட்டுக்கு வந்தேன். மறுபடியும் ஏரிக்கரை. பசி வந்து, பாகூர் கடையில் பரோட்டா வாங்கி, பாதியில் கை கழுவிவிட்டு எழுந்தேன். எங்கள் ஆரல்வாய்மொழியில் காற்றாலைகள் வந்த காலம் நினைவுக்கு வந்தது. விசிறிகள் சுழல்வது அழகாக இருக்கிறது என்று பஸ் ஜன்னலில் எட்டிப் பார்த்ததோடு சரி. அந்த நிலத்தில் முன்னால் எது மேய்ந்தது என்று நான் ஒருநாளும் கேட்டதில்லை. சாயங்காலம் வரை பிலோமினா வரவில்லை. கடைசி பஸ் போய்விடும் என்று சொன்னதால் திரும்பினேன்.

புதன்கிழமை சமுதாயக் கூடம் நிறைந்திருந்தது. வாசலுக்கு எதிரே வேப்பமரத்தடியில் ஒரு மினி லாரி நின்றது. வியாபாரி அதன் மேல் சாய்ந்துகொண்டு பல் குத்திக்கொண்டிருந்தான். கூட்டம் முடிந்து மனம் மாறுகிறவர்களின் ஆட்டை ஏற்றிக்கொள்ளலாம் என்ற நம்பிக்கை.

பிலோமினா முன்வரிசையில் இருந்தார். நல்ல சேலை. “கறி இல்லியாம்டி, கரியாம். இந்த அக்காதான் எழுதுச்சாம். அது நாக்கைக் கவனிச்சுப் பாரு” என்று என்னைக் காட்டிப் பக்கத்துப் பெண்களிடம் பெருமையாகச் சொல்லிக்கொண்டிருந்தார். எனக்கு எழுந்து ஓடிவிடலாம் போல இருந்தது. அவர் பக்கத்தில் போய்க் காதில் சொல்லிவிடலாம் என்று எழுந்தேன். அதற்குள் முரளி மைக்கைத் தட்டிவிட்டார்.

முதல் பகுதி சுலபமாகப் போயிற்று. கரி வேறு, கறி வேறு என்று விளக்கினேன். ஆட்டுக்கறிக்கும் கோழிக்கறிக்கும் ஆபத்தில்லை என்றதும் யாரோ கைதட்டினார்கள். பிறகு முரளி திரையில் வரைபடத்தைப் போட்டார். ஆங்கிலத்தில் இருந்ததை நான் தமிழில் சொல்ல வேண்டும். ஏரிக்கு மேற்கே இருந்த பச்சைக் கட்டம் வந்தது.

“தரிசுன்னு சொல்லுங்க” என்றார் முரளி, மெல்ல.

தரிசு என்பது தப்பான சொல் இல்லை. அகராதியில் பார்த்தால் பொருந்தும். கூட்டத்தில் பாதிப் பேர் அது எந்த இடம் என்று தெரியாமலே தலையாட்டிவிட்டுப் போயிருப்பார்கள். நான் பிலோமினாவைப் பார்த்தேன். அவர் என் வாயைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

“ஏரிக்கு மேக்கே இருக்கிற மேய்க்கால்ல மரம் நடப் போறாங்க” என்றேன். “சுத்தி வேலி போடுவாங்க. ஆட்டை உள்ளே விட மாட்டாங்க.”

பிலோமினா எழுந்தார்.

“மேய்க்கால்லயா? அப்ப ஆடு எங்க மேயும்?”

“மாற்று ஏற்பாடு பண்ணுவோம்மா” என்றார் முரளி.

“எங்க?”

“பாக்கணும்.”

“டவுன்ல இருக்கிறவங்க காரு வுடுவாங்க, ஏசி போடுவாங்க. அந்தப் புகைக்கு எங்க ஆடு பட்டினி கெடக்கணுமா? ஆடு இல்லன்னா கறி ஏது?” என்று கேட்டவர் ஒரு கணம் நிறுத்தினார். பிறகு கூட்டத்தின் பக்கம் திரும்பினார். “அப்ப அன்னைக்கு ஆட்டோல எனக்குச் சரியாத்தான் கேட்டுக்குது. கறியில்லா ஊருன்னுதான் சொல்லிக்கினு போயிருக்கான்!”

கூடம் வெடித்துச் சிரித்தது. சிரித்தவர்களில் ஆடு வைத்திருந்தவர்கள் சீக்கிரமே நிறுத்திக்கொண்டார்கள். “நான் அப்பவே சொல்லல?” என்று வாசலிலிருந்து வியாபாரி குரல் கொடுத்தான். “இப்ப நேத்து சொன்ன ரேட்டுகூட கெடைக்காது.”

பிலோமினா நேராக என்னிடம் வந்தார். “நீதான விக்காதன்ன?”

“ஆமா. எனக்கு அப்ப இது தெரியாது. நேத்து சொல்ல வந்தேன், வீடு பூட்டிக் கிடந்தது.”

கோபப்பட்டிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன். என்னை அப்படியே விட்டுவிட்டு முரளியிடம் போனார்.

“வா. வந்து பாரு. படத்துல தெரியலன்ன இல்ல? நேர்ல தெரியுதா பாரு.”

முரளி போனார். போகாமல் இருந்திருக்கலாம், போனார். அதற்காக அவரை எனக்குப் பிடித்துப்போனது. கூட்டத்தில் பாதி பின்னாலேயே நடந்தது, சேகரின் ஆட்டோவும் சத்தமில்லாமல் உருண்டு வந்தது. மேய்க்காலில் ஊர் ஆடெல்லாம் பரவி நின்றன. சிவப்பு முளைகளில் இரண்டு கிடாக்கள் முதுகைத் தேய்த்துக்கொண்டிருந்தன. முரளி முளை வரிசையோடு கொஞ்ச தூரம் நடந்து பார்த்தார். இரண்டு போனும் மாறி மாறி அடித்தன, எடுக்கவில்லை. பிறகு அவராகவே யாருக்கோ பேசினார், தள்ளிப் போய், வெகுநேரம். திரும்பி வந்து, இந்தக் கட்டத்தை மறுபரிசீலனைக்கு எழுதுகிறேன், பதில் வரும்வரை வேலி போட மாட்டோம் என்றார்.

“பதில் இன்னான்னு வரும்?” என்றார் பிலோமினா.

“அது என் கையில இல்லம்மா.”

“சரி. வேலி போட மாட்டேன்றத எங்கிட்ட சொல்லாத. அதுல சொல்லு” என்று ஆட்டோவின் தலையைக் காட்டினார். “ஊரே கேக்கட்டும்.”

சேகர் மைக்கை எடுத்துக் கொடுத்தார். முரளி வியர்த்துக்கொண்டே சொன்னார்: “மறு உத்தரவு வரும்வரை மேய்க்கால் நிலத்தில் வேலி போடப்பட மாட்டாது.” பிலோமினா இன்னொரு வாட்டி என்றார். சொன்னார். அந்த ஒலிபெருக்கியில் எல்லோருக்கும் ஒரே மாதிரி கேட்ட முதல் வாக்கியம் அதுதான். கூடத்துக்குத் திரும்பியபோது மினி லாரி காலியாகவே கிளம்பிப் போனதை நான் பார்த்தேன்.

அறைக்கு வந்த பிறகு முரளி என்னிடம், “நான் தரிசுன்னுதானே சொல்லச் சொன்னேன்” என்றார். அந்த ஊரில் அதற்குப் பெயர் மேய்க்கால் என்றேன். அவர் தலையாட்டினார், ஆனால் அடுத்த வேலைக்கு என்னைக் கூப்பிடுவார் என்று நான் நம்பவில்லை.

ஊருக்குக் கிளம்புகிற காலையில் ரயிலுக்கு நேரம் இருந்தது. சேகரிடம் முழுச் சார்ஜ் இருக்கிறதா என்று இரண்டு முறை கேட்டுக்கொண்டு பாகூர் போனேன். பிலோமினா மேய்க்காலில் இருந்தார். கட்டம் போட்டு அடித்திருந்த சிவப்பு முளைகளில் முதல் முளையில் வெள்ளச்சி. அடுத்ததில் ஒரு கிடா. அதற்கடுத்ததில் குட்டி போட்ட ஆடு ஒன்று, பக்கத்தில் குட்டிகள். திட்டத்தின் முளை ஒவ்வொன்றிலும் ஓர் ஆடு கயிற்றோடு நின்று புல்லைக் கடித்துக்கொண்டிருந்தது.

“நல்லா ஆழமா அடிச்சுக்கிறாங்க” என்றார் பிலோமினா. “எங்க வூட்டு முளைய ஒரு இழுப்புல புடுங்கிடும் இந்தக் கெடா. இத்த அசைக்க முடியல.”

“எம்மேல கோவமா?” என்று கேட்டேன்.

“கோவந்தான். நீ விக்காதன்னு சொல்லலன்னா இந்நேரம் தொழுவம் காலி. அதனால பாதிதான் கோவம்.” தூக்குச்சட்டி ஒன்றை நீட்டினார். மூடியைத் திறக்காமலே மிளகும் சோம்பும் மணத்தன. “கறிக்கொழம்பு. ரயில்ல துன்னு.”

“வேலி போடச் சொல்லி உத்தரவு வந்தா என்ன செய்வீங்க?”

அவர் வெள்ளச்சியின் கயிற்றை முளையில் இன்னொரு சுற்றுச் சுற்றினார்.

“வந்தா நீ வந்து சொல்லு. வேற யாரு சொன்னாலும் எனக்கு வேற மாதிரி கேக்குது.”

வருகிறேன் என்று சொல்லிவிட்டேன். யோசிக்காமல் வாயில் வந்துவிட்டது. ரயிலில் அந்தக் குழம்பைச் சாப்பிட்டபோது, எங்கள் ஊர்ப் பெண் ஒருத்தி எதிர் சீட்டிலிருந்து, “இறைச்சியாக்கும்?” என்று கேட்டாள். இல்லை, கறி என்றேன்.

பக்கத்து வீட்டு சாருக்கு ஒன்றும் வாங்கி வரவில்லை. வந்து இத்தனை நாள் ஆகியும் பையைப் பிரிக்கவில்லை, கதவோரமாகவே இருக்கிறது. போன் அடிக்கும்போதெல்லாம் முதலில் அந்தப் பையைத்தான் பார்க்கிறேன்.